கூடுதல் குதிரைத்திறன் யார் கணக்கில்?

ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் காரின் ஏழாம் தலைமுறையில் இரண்டு வேகக்காரர்கள் உண்டு. ஒன்று ஜிடிஐ, 220 பி.எஸ். பவர். இன்னொன்று கோல்ஃப் ஆர், 300 பி.எஸ். இரண்டிலும் இருப்பது 'இஏ888' என்ற ஒரே குடும்பத்து 2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின்தான். இதைத் தெரிந்துகொண்ட ஜிடிஐ உரிமையாளரின் மனசு அடுத்து எங்கே போகும் என்று சொல்லவே வேண்டாம். லேப்டாப்போடு ஒருவர் வருகிறார். ஸ்டீயரிங்குக்குக் கீழே, கோளாறு கண்டறிவதற்காக இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் கேபிளைச் செருகுகிறார். ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றாமல், டீ குடித்துவிட்டு வருவதற்குள் 'ஸ்டேஜ் 1' ரீமேப் முடிந்துவிடுகிறது. 220 இருந்த இடத்தில் இப்போது 300ஐ ஒட்டிய எண்.

இவ்வளவு சுலபமென்றால் கம்பெனியே ஏன் செய்யவில்லை? கம்பெனி அந்த 80 பி.எஸ்ஸைக் கூட்டியபோது என்ன செய்தது என்று பார்த்தால் பாதி பதில் கிடைத்துவிடும். ஆர் மாடலுக்காக சிலிண்டர் ஹெட், எக்ஸாஸ்ட் வால்வுகள், வால்வு ஸ்பிரிங்குகள், பிஸ்டன்கள், இன்ஜெக்டர்கள், டர்போ என்று வரிசையாக மாற்றினார்கள். ரீமேப் செய்பவர் மாற்றியது மென்பொருளை மட்டும். அப்படியானால் பழைய பிஸ்டனும் பழைய டர்போவும் புது பவரை எப்படித் தாங்குகின்றன? தாங்குகின்றன, ஏனென்றால் அவற்றுக்குள் கம்பெனி கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தது. அந்த மிச்சத்தை நம்பித்தான் கம்பெனி வாரன்ட்டியும் எழுதிக் கொடுத்தது. ரீமேப்பும் வாரன்ட்டியும் சண்டை போடுவது இந்த ஒரே மிச்சத்துக்காகத்தான்.

மிச்சம் ஏன் வைக்கிறார்கள்?

நூறு பேரைக் கூப்பிட்ட கல்யாணத்தில் நூற்றிருபது பேருக்கு உலை வைப்பார்கள். கார் கம்பெனியின் நிலையும் அதுதான். யார் வருவார்கள், எவ்வளவு சாப்பிடுவார்கள் என்று அதற்கும் தெரியாது.

ஒரே கார் பாலைவன வெயிலிலும் ஓட வேண்டும், பனியிலும் ஓட வேண்டும். ஒருவர் சொன்ன தேதிக்கு முன்பே ஆயில் மாற்றுவார், இன்னொருவர் சர்வீஸ் புத்தகத்தைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார். ஜெர்மனியில் 98 ஆக்டேன் பெட்ரோல் பங்குக்குப் பங்கு கிடைக்கும். இந்தியாவில் சாதாரண பெட்ரோல் பல ஆண்டுகள் 91 ஆக்டேனாகத்தான் இருந்தது. இந்தியன் ஆயிலின் 100 ஆக்டேன் 'எக்ஸ்பி100' 2020 டிசம்பரில்தான் வந்தது, அதுவும் சில நகரங்களில் மட்டும். மலையேறினால் கதை வேறு. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. அதே பூஸ்ட் அழுத்தத்தைக் கொடுக்க டர்போ இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். தரைமட்டத்தில் நிதானமாக ஓடும் டர்போ, லடாக் கணவாயில் தன் வேக எல்லையை நெருங்கிவிடும்.

தயாரிப்பில் வரும் சின்னச் சின்ன வித்தியாசங்கள் தனி. லட்சம் பிஸ்டன் வார்த்தால் எல்லாம் அச்சாக ஒரே பலத்தில் இருக்காது. சராசரி பிஸ்டன் தாங்கினால் போதாது. கூட்டத்திலேயே நோஞ்சான் பிஸ்டன், மோசமான பெட்ரோலில், கோடைவெயிலில், பொறுப்பில்லாத உரிமையாளரிடம் தாங்க வேண்டும். பொறியாளர் கணக்குப் போடுவது அந்த நோஞ்சானை வைத்துத்தான். மாசு விதிகளுக்கும் எரிபொருள் சிக்கனத்துக்கும் கொஞ்சம் பவர் போகிறது. விலை அதிகமான மாடலின் மவுசு குறையக் கூடாது என்பதற்காகப் பூட்டி வைத்த பவரும் உண்டு, அதை மறுப்பதற்கில்லை. அந்த அளவுக்கு, ரீமேப் செய்யும் டியூனர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் எந்த அளவு வியாபாரத்துக்காகப் பூட்டியது, எந்த அளவு பாதுகாப்புக்காக விட்டுவைத்தது என்று பிரித்துச் சொல்லும் தகவல் கம்பெனியிடம்தான் இருக்கிறது. லேப்டாப்போடு வருபவரிடம் இல்லை.

ரீமேப் தொடும் இடங்கள்

நவீன இன்ஜினின் மூளை ஈ.சி.யூ. அதற்குள் அட்டவணைகள் இருக்கின்றன. இன்ஜின் இந்த வேகத்தில், இவ்வளவு காற்றோடு ஓடினால், எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும், ஸ்பார்க் எப்போது விழ வேண்டும், டர்போ எவ்வளவு அழுத்தம் கொடுக்க வேண்டும் என்பதற்கான எண்கள் அவை. டியூனிங் வட்டாரத்தில் இவற்றைத்தான் 'மேப்' என்கிறார்கள். ரீமேப் என்பது இந்த எண்களைத் திருத்தி எழுதுவது.

முதலில் பூஸ்ட். 30 டிகிரி செல்சியஸ் காற்றை டர்போ இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு அமுக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கம்ப்ரஸரின் திறன் 70 சதவீதம் என்றால், வெளியே வரும் காற்று ஏறக்குறைய 125 டிகிரியில் இருக்கும். அழுத்தத்தை 2.4 மடங்காக்கினால் அது 150 டிகிரியைத் தாண்டிவிடும். இந்தச் சூட்டைத் தணிப்பதுதான் இன்டர்கூலரின் வேலை. அது கம்பெனி நிர்ணயித்த பூஸ்ட்டுக்காக அளவெடுத்துச் செய்தது. ஒருமுறை சீறிப் பாய்ந்தால் சமாளிக்கும். தொடர்ந்து பத்து முறை பாய்ந்தால் இன்டர்கூலரே சூடாகி, சூடான காற்று அப்படியே சிலிண்டருக்குள் போகும்.

சூடான காற்றோடு அடுத்த ஆபத்து வருகிறது: நாக்கிங். ஸ்பார்க் பற்றவைத்த தீ சிலிண்டர் முழுக்கச் சீராகப் பரவ வேண்டும். அதற்குள் மூலையில் இருக்கும் கலவை அழுத்தமும் சூடும் தாங்காமல் தானாகவே வெடித்தால் அதுதான் நாக்கிங். பிஸ்டனின் தலையில் சுத்தியலால் அடிப்பதுபோல அதிர்வலை பாயும். ஆக்டேன் எண் என்பது இந்தத் தானாக வெடிக்கும் குணத்தை எவ்வளவு தூரம் பெட்ரோல் எதிர்க்கிறது என்பதன் அளவு. ஓர் எல்லை வரை, ஸ்பார்க்கை எவ்வளவு முன்கூட்டி விடுகிறோமோ அவ்வளவு பவர், அவ்வளவு நாக்கிங் அபாயம். இந்த 'முன்கூட்டி' எவ்வளவு நுட்பமானது என்றால், 6,000 ஆர்.பி.எம்மில் கிராங்க்ஷாஃப்ட் ஒரு டிகிரி திரும்ப ஆகும் நேரம் ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் 28 பங்கு. அந்த ஒன்றிரண்டு டிகிரிகளில்தான் டியூனர் விளையாடுகிறார். இன்ஜின் பிளாக்கில் பொருத்திய நாக் சென்ஸர் ஒலியைக் கேட்டு, நாக்கிங் வந்தால் ஈ.சி.யூ. ஸ்பார்க்கைப் பின்தள்ளிவிடும். நல்ல டியூனர் அந்தப் பாதுகாப்பை அப்படியே விட்டுவைப்பார். மோசமான டியூனர் அதன் காதை மந்தமாக்கிவிடுவார்.

டர்போ பெட்ரோல் இன்ஜின்களுக்கே உரிய இன்னொரு பூதமும் இருக்கிறது. குறைந்த ஆர்.பி.எம்மில், உயர் கியரில், ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்தும்போது, ஸ்பார்க் விழுவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும். ஆயில் துளியோ கார்பன் துணுக்கோ அதற்குத் தீப்பொறியாகிறது. சாதாரண நாக்கிங்கைவிடப் பல மடங்கு கொடூரமானது. ஒரே அடியில் பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்து போகலாம். ஆயிலில் உள்ள கால்சியம் சார்ந்த சேர்மங்களுக்கு இதில் பங்கிருப்பது தெரிந்தபின், 2018ல் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் இதற்கான சோதனையோடு 'எஸ்.என். பிளஸ்' என்ற புது ஆயில் தரத்தையே கொண்டுவந்தது. ரீமேப் செய்த காரில் எல்லோரும் ரசிப்பது கீழ் ஆர்.பி.எம்மிலேயே முதுகைச் சீட்டோடு அழுத்தும் அந்த இழுவையைத்தான். இந்தப் பூதம் குடியிருப்பதும் அதே இடத்தில்தான்.

உலோகம் களைத்துப்போகும் கணக்கு

ரீமேப் செய்த அன்றே இன்ஜின் உடைவதில்லை. மறுநாளும் உடைவதில்லை. அதனால்தான் 'என் காருக்கு ஒண்ணும் ஆகலையே' என்று பலரும் உறுதியாகச் சொல்ல முடிகிறது. உலோகத்தின் சுபாவம் அப்படி. அது ஒரே இழுப்பில் அறுந்துபோவதைவிட, லட்சக்கணக்கான சின்ன இழுப்புகளில் களைத்துப்போய் உடைவதுதான் அதிகம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மானிய ரயில் பொறியாளர் அகஸ்ட் வோலர் ரயில் அச்சுகளை வைத்து இதைத்தான் ஆராய்ந்தார். சுமை கொஞ்சம் கூடினால் ஆயுள் கொஞ்சம் குறைவதில்லை, நிறையவே குறைகிறது என்பது அவருடைய ஆய்வுகளிலிருந்து பிறந்த பாடம். எஃகுக்காவது ஒரு குறிப்பிட்ட சுமைக்குக் கீழே எத்தனை முறை இழுத்தாலும் உடையாத எல்லை ஒன்று உண்டு. பிஸ்டன் செய்யும் அலுமினியத்துக்கு அந்தச் சலுகைகூட இல்லை.

பேரிங்கை எடுத்துக்கொள்வோம். கியர்பாக்ஸில் ஷாஃப்ட்டுகளைத் தாங்கும் பால் பேரிங்கின் ஆயுளைக் கணக்கிட குஸ்தாஃப் லுண்ட்பெர்க், ஆர்விட் பால்ம்கிரென் என்ற இரு ஸ்வீடன் ஆய்வாளர்கள் 1947ல் ஒரு சூத்திரத்தை வெளியிட்டார்கள். சுமையின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் ஆயுள் குறையும் என்கிறது அது. நம்மூர்ச் சாலைகளில் ஓடும் ஃபோக்ஸ்வாகன் விர்டுஸ் ஜிடியில் இதைப் போட்டுப் பார்க்கலாம். அதன் 1.5 லிட்டர் டர்போ இன்ஜினின் டார்க், அதாவது முறுக்குவிசை, 250 நியூட்டன் மீட்டர். அதோடு வரும் டிக்யூ200 என்ற ஏழு கியர் டி.எஸ்.ஜி. கியர்பாக்ஸ் எவ்வளவு தாங்கும் என்று வடிவமைத்தார்கள்? அதுவும் 250 நியூட்டன் மீட்டர்தான். ரீமேப் செய்து டார்க்கை 320க்குக் கொண்டுபோனால் கூடியது 28 சதவீதம். 1.28ன் மும்மடி 2.1. ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்தும் ஒவ்வொரு நிமிடத்திலும் அந்த பேரிங்கின் ஆயுள் இரண்டு மடங்குக்கு மேல் வேகமாகக் கரைகிறது. கியர் பற்களும் உலர் கிளட்ச்சும் தனிக் கணக்கு. இதே டி.எஸ்.ஜி. குடும்பத்துக்காக, கம்பெனி டார்க்கிலேயே வந்த கோளாறுகளால் 2012ல் சீனாவில் வாரன்ட்டியைப் பத்து ஆண்டுகளுக்கு நீட்டினார்கள். அடுத்த ஆண்டு அங்கே 3.84 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள்.

ஆர்.பி.எம். எல்லையைக் கூட்டுவது வேறு வகை. கனெக்டிங் ராடின் மேல் விழும் இழுவிசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 6,000த்திலிருந்து 7,000க்குப் போனால் வேகம் கூடுவது 17 சதவீதம், இழுவிசை கூடுவது 36 சதவீதம்.

இத்தனைக்கும் ஒரு சமாதானம் உண்டு. இந்தக் கூடுதல் சுமை வருவது ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்தும்போது மட்டும்தான். அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் ஊர்ந்து போகும் காரில் ஒரு நாளைக்கு அது சில விநாடிகள்கூட வராது. ஒரே டியூனரிடம் ஒரே ஸ்டேஜ் 1 போட்ட இரண்டு கார்களில் ஒன்று லட்சம் கிலோமீட்டர் அலுங்காமல் ஓடுவதும், இன்னொன்று சில மாதங்களில் கிளட்ச் கருகி நிற்பதும் இதனால்தான். வித்தியாசம் மென்பொருளில் மட்டும் இல்லை, ஓட்டுபவரின் வலது காலிலும் இருக்கிறது.

வாரன்ட்டி ஒரு நிகழ்தகவு

பேரிங் ஆயுள் சூத்திரத்தில் ஒரு சுவாரசியம் உண்டு. அது சொல்லும் ஆயுள், எல்லா பேரிங்குகளும் தாங்கும் ஆயுள் இல்லை. நூற்றில் தொண்ணூறு தாங்கும் ஆயுள். மீதிப் பத்து அதற்கு முன்பே போய்விடலாம் என்பதைச் சூத்திரமே ஒப்புக்கொள்கிறது. கார் கம்பெனியின் வாரன்ட்டியும் இதே தர்க்கத்தில்தான் நிற்கிறது. இத்தனை ஆண்டு, இத்தனை கிலோமீட்டருக்குள் எத்தனை கியர்பாக்ஸ் திரும்பி வரும் என்று சோதனைகளையும் பழைய பதிவுகளையும் வைத்துக் கணிக்கிறார்கள். விற்கும் ஒவ்வொரு காருக்கும் ஒரு தொகையை ஒதுக்கி வைக்கிறார்கள். நாம் கொடுத்த விலையில் அந்தத் தொகையும் அடக்கம்.

ஆக வாரன்ட்டி தர்மமும் இல்லை, கருணையும் இல்லை. ஒரு குறிப்பிட்ட பவருக்கு, ஒரு குறிப்பிட்ட மென்பொருளுக்குப் போட்ட கணக்கு. மென்பொருளை மாற்றியதும் கணக்கின் அடிப்படை மாறிவிடுகிறது. கம்பெனி கோபப்படுவதில் இந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது. இதற்கு மேல் அது கேட்பதெல்லாம் நியாயமா என்பது வேறு கேள்வி. அதற்குச் சட்டத்திடம் போக வேண்டும். அதற்கு முன் சர்வீஸ் சென்டருக்குள் ஒரு எட்டு.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

'சர்வீஸுக்குப் போகும்முன் பழைய மேப்பைப் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியும்?' என்பது டியூனிங் உலகின் நிரந்தர நம்பிக்கை. தெரியும். பல ஈ.சி.யூக்கள் தங்கள்மேல் எத்தனை முறை மென்பொருள் எழுதப்பட்டது என்று எண்ணி வைக்கின்றன. ஒருமுறை மாற்றி, மறுபடி பழையதைப் போட்டால் எண்ணிக்கை குறைவதில்லை, இரண்டு கூடுகிறது. சர்வீஸ் சென்டரின் பதிவேட்டில் அந்த இரண்டு மாற்றங்களும் இருக்காது.

அதோடு, மென்பொருளின் எல்லா எண்களையும் கூட்டிக் கழித்துப் பிழிந்தெடுத்த ஒரு சரிபார்ப்பு எண்ணை ஈ.சி.யூ. கேட்டதும் சொல்லும். மாசு விதிகள் கேட்பதால் ஓபிடி தரத்திலேயே இதற்கு இடம் உண்டு. மேப்பில் ஒரே ஒரு எண்ணைத் திருத்தினாலும் இது மாறிவிடும். சில கம்பெனிகள் வாரன்ட்டியில் இன்ஜினோ கியர்பாக்ஸோ மாற்ற அனுமதி கொடுக்கும்முன் இந்த எண்ணைப் பார்த்தே தீர வேண்டும் என்கின்றன. ஃபோக்ஸ்வாகன், ஆடி உரிமையாளர்களுக்கு இந்த விஷயத்தில் தெரிந்த வார்த்தை 'டிடி1'. சர்வீஸ் சென்டரின் கருவி கம்பெனி சர்வரோடு பேசும்போது மென்பொருள் பொருந்தவில்லை என்றால் அந்தக் காரின் சேசி எண்ணுக்கு எதிரே இந்தக் குறி விழும். அதன்பின் இன்ஜின், கியர்பாக்ஸ் சார்ந்த வாரன்ட்டி கேட்டு எந்த ஊர் சர்வீஸ் சென்டருக்குப் போனாலும் திரையில் முதலில் தெரிவது அதுதான்.

போர்ஷே இன்னும் நுணுக்கம். அதன் ஈ.சி.யூ. அளவுக்கு மீறிய ஆர்.பி.எம்மை ஆறு அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வொரு அடுக்கிலும் எத்தனை முறை ஸ்பார்க் விழுந்தது, கடைசியாக இன்ஜின் எத்தனையாவது மணி நேரத்தில் ஓடியபோது நடந்தது என்று எழுதி வைக்கிறது. ஆக்ஸிலரேட்டரை மட்டும் அழுத்தி மேல் அடுக்குகளுக்குப் போக முடியாது, லிமிட்டர் தடுத்துவிடும். ஐந்திலிருந்து நான்குக்குப் போட நினைத்து இரண்டில் போட்டால்தான் சக்கரம் இன்ஜினை அங்கே இழுத்துப் போகும். ஆக மேல் அடுக்கில் எண் இருந்தால், தவறு இன்ஜினுடையதா ஓட்டியவருடையதா என்பதில் வாதாட ஒன்றுமில்லை. பழைய போர்ஷே வாங்குபவர்கள் இந்த அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படிப்பது வழக்கம்.

சென்ஸரை ஏமாற்றும் 'டியூனிங் பாக்ஸ்' போட்டால் தப்பலாம் என்பார்கள். பூஸ்ட் குறைவாக இருப்பதாக ஈ.சி.யூவிடம் பொய் சொல்லி அதிகம் வாங்கும் டப்பா அது. மென்பொருளைத் தொடுவதில்லை என்பது உண்மை. ஆனால் இன்ஜின் ஈ.சி.யூ. நினைப்பதைவிட அதிக காற்றோடு ஓடும்போது, எரிபொருள் திருத்தங்கள் வழக்கமான இடத்தில் இருப்பதில்லை. கோளாறு வந்த நொடியில் பதிவான எண்களைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது போதும்.

சட்டம் யார் பக்கம்?

இந்தச் சண்டைக்கு அமெரிக்காவில் ஐம்பது ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. மேக்னஸன்–மாஸ் வாரன்ட்டி சட்டம், 1975. எங்கள் பிராண்ட் உதிரிபாகம் போட்டால்தான் வாரன்ட்டி என்று கம்பெனி நிபந்தனை போடக் கூடாது என்பது அதன் உயிர்நாடி. சட்டம் பழசானாலும் உறங்கவில்லை. அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2018ல் ஹூண்டாய் உள்ளிட்ட ஆறு கம்பெனிகளுக்கு இது தொடர்பாக எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. 2022ல் ஹார்லி-டேவிட்சன் மீது நடவடிக்கை எடுத்து, வெளி பாகம் போட்டால் வாரன்ட்டி போய்விடும் என்ற வகையில் இருந்த வாசகத்தை நீக்க வைத்தது.

டியூனிங் ரசிகர்கள் இந்தச் சட்டத்தைக் கேடயமாகத் தூக்குவார்கள். பாதிதான் சரி. வெளியில் வாங்கிய ஏர் ஃபில்டர் போட்டதற்காகப் பவர் விண்டோ மோட்டாரை மாற்றித்தர மறுக்க முடியாது. மாற்றிய பாகத்துக்கும் கெட்டுப்போன பாகத்துக்கும் தொடர்பு இருப்பதைக் கம்பெனி காட்ட வேண்டும். ஆனால் ரீமேப் செய்த காரில் கிளட்ச் போனால் அந்தத் தொடர்பைக் காட்டுவது கடினமா? டார்க்கைக் கூட்டினீர்கள், டார்க்கைத் தாங்கும் பாகம் போனது, நேர்க்கோடு. டர்போவோ பிஸ்டனோ போனாலும் இதே கதிதான். ஸ்பீக்கர் மாற்றினால் எதற்கும் கவலையில்லை, சஸ்பென்ஷன் மாற்றினால் ஷாக் அப்சார்பரோடு தொடர்புடையவற்றுக்கு மட்டும் கவலை, ரீமேப் என்றால் இன்ஜினிலிருந்து சக்கரம் வரை கவலை என்று இதைச் சுருக்கிக்கொள்ளலாம். 'வாரன்ட்டி மொத்தமும் போச்சு' என்று மிரட்டும் சர்வீஸ் சென்டரும் தவறு, 'சட்டம் இருக்கு, ஒண்ணும் பண்ண முடியாது' என்னும் டியூனரும் தவறு.

ஜெர்மனியில் வாரன்ட்டிக்கு முன் சாலையில் ஓடும் உரிமையே கேள்விக்கு வரும். மாசோ சத்தமோ கூடும்படி, அல்லது ஆபத்து வரும்படி காரை மாற்றினால் அதன் இயக்க அனுமதியே காலாவதியாகும் என்கிறது அந்நாட்டு விதி. டியூவ் போன்ற பரிசோதனை அமைப்பிடம் காட்டி, மாற்றத்தை ஆவணத்தில் ஏற்றினால்தான் ஓட்டலாம்.

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு நேரடியாகவே பேசுகிறது: ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம் என்றது. அதிக பவருக்காக கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கழற்றி எறிவது இங்கே மட்டுமல்ல, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சட்டவிரோதம்தான். அது வாரன்ட்டிப் பிரச்னை இல்லை, ஊர்க்காற்றின் பிரச்னை. இன்ஷூரன்ஸும் இருக்கிறது: தெரிவிக்காத மாற்றம் விபத்துக்குப் பின் தெரியவந்தால் க்ளெய்ம் சிக்கலாகும்.

கம்பெனி பொத்தானே வம்பானபோது

வாரன்ட்டியின் எல்லை டியூனரால் மட்டும் மீறப்படுவதில்லை என்பதற்கு நிஸான் ஜிடி-ஆர் சாட்சி. 2007 இறுதியில் ஜப்பானில் வந்த ஆர்35 ஜிடி-ஆர், 3.8 லிட்டர் இரட்டை டர்போ வி6 இன்ஜினும் பின்பக்கம் பொருத்திய இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸும் கொண்ட கார். அமெரிக்காவில் அதன் ஆரம்பகாலக் கார்களில், வாகனத்தை நிலையாக வைத்திருக்கும் வி.டி.சி. அமைப்பை அணைத்துவிட்டு 'லாஞ்ச்' செய்தால், அதாவது நின்ற இடத்திலிருந்து சீறிக் கிளப்பினால், கார் கிட்டத்தட்ட 4,500 ஆர்.பி.எம்மில் கிளட்ச்சைப் பிடித்துப் பாயும். பத்திரிகைகள் பாராட்டிய, வேகமெடுக்கும் நேரங்கள் இப்படி வந்தவைதான். சிலருடைய கியர்பாக்ஸ் உடைந்தது. வி.டி.சி.யை அணைத்து ஓட்டியதால் வந்த சேதத்துக்கு வாரன்ட்டி கிடையாது என்று கையேட்டில் இருந்தது. அணைக்கும் பொத்தானை வைத்ததும் அதே கம்பெனிதான்! பெரிய சர்ச்சைக்குப் பின், லாஞ்ச் வேகத்தை 3,000 ஆர்.பி.எம். அளவுக்குக் குறைத்த புதிய மென்பொருளை நிஸான் கொண்டுவந்தது.

வேடிக்கை என்னவென்றால், குறைந்த வேகத்தில் கிளம்பியும் புதிய மென்பொருளில் நேரம் மோசமாகிவிடவில்லை. சக்கரம் வீணாகச் சுழல்வது குறைந்ததுதான் காரணம். கியர்பாக்ஸை நொறுக்கும் அதிர்ச்சி வேகத்துக்குத் தேவையே இல்லாமல் இருந்தது. கூடுதல் சுமையும் கூடுதல் வேகமும் எப்போதும் ஒன்றல்ல என்பதைக் கம்பெனியே தன் காரில் கற்றுக்கொண்ட இடம் இது.

நடுவழி இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் காசு கேட்கும். அமெரிக்காவில் டைனன் என்ற டியூனர் பி.எம்.டபிள்யூ. கார்களுக்குத் தரும் பாகங்களுக்கு, புது கார் வாரன்ட்டிக்கு ஈடான தன் சொந்த வாரன்ட்டியைத் தருகிறது. ஜெர்மனியின் கெம்ப்டன் நகரத்து ஆப்ட் நிறுவனமும் ஃபோக்ஸ்வாகன், ஆடி கார்களுக்கு இதையே செய்கிறது. இவர்களுடைய பவர் எண்கள் மற்றவர்கள் விளம்பரத்தைவிடக் கொஞ்சம் அடக்கமாகவே இருக்கும். உடைந்தால் தன் பையிலிருந்து போகும் என்று தெரிந்தவரின் கை தானாகவே நிதானிக்கும்.

நம் கோயம்புத்தூருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடா மோட்டார்ஸும் சேர்ந்து 2018ல் கொண்டுவந்த டியாகோ ஜேடிபி, டிகோர் ஜேடிபி கார்கள், தொழிற்சாலையிலிருந்தே டியூன் செய்யப்பட்டு, ஷோரூமில் விற்கப்பட்டவை. நெக்ஸானின் 1.2 லிட்டர் டர்போ இன்ஜினில் 110 பி.எஸ். இருந்தது 114 ஆனது. டார்க் 170லிருந்து 150 நியூட்டன் மீட்டராக அடக்கப்பட்டது. சஸ்பென்ஷன், கியர் விகிதம், டயர் எல்லாம் சேர்ந்து திருத்தப்பட்டன. எண்ணைப் பார்த்தால் சாதாரணம், ஓட்டிப் பார்த்தால் துள்ளல். 2020ல் நின்றுபோனாலும், வாரன்ட்டிக்குள் டியூனிங் எப்படி இருக்கும் என்பதற்கு நல்ல பாடம் அது.

மின்சாரக் கார்களில் கம்பெனிகளே டியூனர் வேலையை எடுத்துக்கொண்டன. 2019 டிசம்பரில் டெஸ்லா, மாடல் 3 லாங் ரேஞ்ச் காருக்கு 2,000 டாலருக்கு ஒரு மென்பொருளை விற்றது. மணிக்கு 60 மைல் வேகத்தை எட்டும் நேரம் 4.4 விநாடியிலிருந்து 3.9 ஆனது. மெர்சிடஸ் 2022ல் இதையே ஆண்டுச் சந்தாவாக அமெரிக்காவில் அறிவித்தது. வாரன்ட்டி போகவில்லை. தான் வைத்த மிச்சம் எவ்வளவு என்று தெரிந்தவர் தாமே அதை விற்கிறார்.

முடிவெடுக்கும் முன்

வேகமான காரை வாங்கியவருக்கு அதை இன்னும் வேகமாக்கும் ஆசை வருவது இயல்பு. அதைப் பாவம் என்று சொல்லும் உத்தேசமில்லை. சொல்ல வேண்டியது இவ்வளவுதான். வாரன்ட்டி காலத்தில் கை வைக்க வேண்டுமென்றால் டார்க்கைத் தொடாத இடங்களில் வையுங்கள்: நல்ல டயர், பிரேக் பேட், பிரேக் ஃப்ளூயிட். பெரும்பாலான ஓட்டுநர்களுக்கு 80 பி.எஸ்ஸைவிட நல்ல டயரால் கிடைக்கும் பலன் பெரியது. ரீமேப்தான் வேண்டுமென்றால் கியர்பாக்ஸின் தாங்கும் அளவை முதலில் கேளுங்கள், இன்ஜினின் பவரைப் பிறகு கேளுங்கள். டியூனரிடம் எவ்வளவு கூடும் என்று கேட்பதற்கு முன், நாக் சென்ஸரை என்ன செய்தாய், எந்த ஆக்டேனுக்கு எழுதினாய், உடைந்தால் என்ன தருவாய் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குச் சிரித்து மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவியுங்கள். சர்வீஸ் சென்டரில் பொய் சொல்லாதீர்கள். கார் உங்களுக்காகப் பொய் சொல்லாது. ஒரு புது கியர்பாக்ஸின் விலையை விசாரித்து, அந்தத் தொகை உங்களிடம் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தாராளமாக ரீமேப் செய்யுங்கள், அந்த நாளிலிருந்து வாரன்ட்டி தருபவர் நீங்கள்தான். இல்லையென்றால் வாரன்ட்டி முடியும்வரை பொறுப்பது புத்திசாலித்தனம்.